தொப்பியில் ஒரு யானை

பிள்ளைகளே, உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததுண்டா? வழியில் தியாகதுருகம் மலை வரும். அதன் மேல் ஒரு பழைய கோட்டை. 1757-க்கும் 1780-க்கும் இடையே ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்ப் படையினர் என்று பல முறை அதற்காக மோதிக்கொண்டார்கள். எங்கள் களமருதூரிலிருந்து அங்கே போய்வருவது சுலபம். ஆனால் அந்தச் சண்டையில் துப்பாக்கி பிடித்து நின்றது யார் என்று கேட்டால், வகுப்பே "வெள்ளைக்காரங்க சார்!" என்று கத்தும்.

பாதிதான் சரி. இரண்டு பக்கமும் நம்மூர்ச் சிப்பாய்கள் ஏராளமாக இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களைக் கொண்டு உருவானதுதான், இன்று இந்திய ராணுவத்தில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்ட். இது ஒரு காலாட்படை. அதாவது, தரையில் நின்று போரிடும் படை.

1746-ல் சென்னை அடையாற்றங்கரையில் ஒரு சண்டை நடந்தது. ஆற்காடு நவாபின் பெரிய படையை, பிரெஞ்சுக்காரர்களின் சின்னஞ்சிறு படை விரட்டிவிட்டது. அதிலும் பலர் இந்தியச் சிப்பாய்கள்தான். வரிசை கலையாமல் நின்று, சொன்ன நொடியில் சேர்ந்து சுடும் பயிற்சிதான் அவர்கள் பலம். இதைப் பார்த்த ஆங்கிலேயரும் விழித்துக்கொண்டார்கள். 1748-ல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற அதிகாரி கடலூர்க் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சிதறிக் கிடந்த காவல் ஆட்களுக்கு முறையான பயிற்சி தொடங்கியது. 1758-ல் அவர்கள் பட்டாலியன்களாகத் திரட்டப்பட்டார்கள். இன்றைய கணக்கில் ஒரு பட்டாலியன் என்றால் சுமார் 800 பேர். ஒரு பெரிய பள்ளிக்கூடமே வரிசையில் நிற்பதுபோல! பல பட்டாலியன்கள் சேர்ந்த குடும்பம்தான் ரெஜிமென்ட்.

அந்த ரெஜிமென்டில் சேர்ந்த என் பழைய மாணவன் ஒருவன் லீவில் வந்தபோது, அவன் தொப்பியில் ஒரு யானைச் சின்னம் இருந்தது. "ஏன் மாமா யானை?" என்று தெருப் பிள்ளைகள் அவனை மொய்த்துவிட்டார்கள்.

அது 1803-ல் கிடைத்த யானை. இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள அசாயே என்ற ஊரில், ஆர்தர் வெல்லெஸ்லியின் படை, தன்னைவிடப் பல மடங்கு பெரிய மராத்தியப் படையை வென்றது. பீரங்கிகள் முழங்க, அவற்றை நோக்கி நேராக நடந்து போனவர்களில் மதராஸ் சிப்பாய்களும் உண்டு. அதற்குப் பரிசு இந்த யானை. வெல்லெஸ்லிதான் பிற்பாடு வெலிங்டன் பிரபு ஆகி, வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். நீலகிரியில் அவர் பெயர் கொண்ட வெலிங்டனில்தான் ரெஜிமென்டின் தலைமை மையம் இருக்கிறது. தோற்ற மராத்தியரும் நம் நாட்டவர்தான் என்பதை நினைத்தால், எனக்கு அந்த யானையைப் பார்த்துப் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே வரும்.

கம்பெனிக்கு உழைத்தவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் இல்லை. புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் குறி இடக்கூடாது என்ற உத்தரவுகளை எதிர்த்து, 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டையில் பொங்கி எழுந்தவர்கள் மதராஸ் சிப்பாய்களே. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள்.

இப்போது விசித்திரத்தைக் கேளுங்கள். 1880-களில் ராபர்ட்ஸ் என்ற தளபதி மதராஸ் படைக்குத் தலைமை வகித்தார். தெற்கத்தியர் போருக்கு லாயக்கில்லை, வடக்கே சில இனத்தார்தான் பிறவி வீரர்கள் என்பது அவர் எண்ணம். பல காலமாகத் தெற்கே பெரிய போரே இல்லை. பரீட்சையே வைக்காமல் 'பெயில்' போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்! பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முதல் உலகப் போரில் மெசபடோமியா வரை போய்வந்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. 1928-க்குள் மதராஸ் ரெஜிமென்டின் நிரந்தரப் பட்டாலியன்கள் எல்லாமே கலைக்கப்பட்டுவிட்டன. பாலம், பாதை போடும் மதராஸ் சாப்பர்ஸ் படை மட்டும் தொடர்ந்தது.

அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆட்கள் போதவில்லை. "லாயக்கில்லை" என்றவர்களே 1941-ல் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். பர்மாக் காடுகளில் மழையிலும் மலேரியாவிலும் ஜப்பானியரை எதிர்த்து நின்றார்கள், இந்தத் தெற்கத்திப் பிள்ளைகள்.

ஒரு புதிர்: ரெஜிமென்ட் பிறந்தது 1758-ல். ஆனால் அதன் 9-ஆவது பட்டாலியன் பிறந்தது 1704-ல்! எப்படி? அது திருவிதாங்கூர் மன்னரின் படை. சுதந்திரத்துக்குப் பின்புதான் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. 1965 போரில் பாகிஸ்தானின் சியால்கோட் பகுதியில் மகராஜ்கே என்ற ஊரைப் பிடித்தது இதே ரெஜிமென்டின் 4-ஆவது பட்டாலியன்.

இந்த வீரர்களை ராணுவத்தில் மற்றவர்கள் கூப்பிடுவது "தம்பி" என்று. மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் அங்கே தம்பிகள். தாக்கப் புறப்படும்போது அவர்கள் சேர்ந்து எழுப்பும் முழக்கமும் தமிழில்தான்: "வீர மதராசி! அடி கொல்லு, அடி கொல்லு!" என் மாணவன் திண்ணையில் உட்கார்ந்தபடி அதை ஒரு தடவை முழங்கிக் காட்டினான். எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.