சாதிப் பாகுபாடு பற்றிய சிறுவர் நூல்கள்

சாதிப் பாகுபாடு பற்றிய சிறுவர் நூல்கள் என்பவை தீண்டாமை, ஒதுக்கிவைத்தல், சேர்ந்து வாழ்தல் ஆகியவற்றைச் சிறுவர்களுக்கு விளங்கும் வகையில் கதையாகவோ படமாகவோ எடுத்துரைக்கும் நூல்கள் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இனவாதம் பற்றிய சிறுவர் நூல்களுக்கு உள்ள இடம் தமிழ்நாட்டில் இவற்றுக்கு உண்டு எனலாம். தமிழில் சிறுவர் இலக்கியத்துக்கு நெடிய மரபு இருப்பினும், சாதியைப் பெயர் சொல்லிப் பேசும் சிறுவர் நூல்கள் பெரும்பாலும் 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னரே வெளிவந்துள்ளன.

பின்னணி

சாதி இல்லை என்று குழந்தையிடம் கூறும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. பாரதியார் 1915 இல் வெளியிட்ட பாப்பாப் பாட்டு அதனையே கூறுகின்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமையைப் பாவம் என்றும் குற்றம் என்றும் மனிதத்தன்மை அற்றது என்றும் கண்டிக்கும் மூன்று வாக்கியங்கள் பல தலைமுறைகளாக அச்சிடப்பட்டு வந்தன. தமிழ்ச் சிறுவர்கள் மிகுதியாகப் படித்த தீண்டாமை எதிர்ப்பு வாசகம் இதுவாகவே இருக்கக்கூடும். ஆயினும் இது கட்டளை, கதை அன்று. யார் யாரை எங்கே, எவ்வாறு ஒதுக்கினர் என்பதை அது கூறுவதில்லை. பாடநூலின் உள்ளே வரும் கதைகளிலும் ஏழைச் சிறுவன், நல்ல நண்பன், இரக்கமுள்ள ஆசிரியர் ஆகியோர் இடம்பெறுவர். சாதி இடம்பெறுவது அரிது.

வாசகர் அறிந்ததும் நூல் அறியாததும்

இந்த மௌனம் சிறுவர்களைக் காப்பதற்காக என்று கூறப்படுவதுண்டு. ஆனால் சிறுவர்கள் சாதியை அறியாதவர்கள் அல்லர். ஆண்டிபட்டி அமைந்துள்ள தேனி மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். இம்மாவட்டத்திலும் அண்டையிலுள்ள மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களிலும் 'அரசு கள்ளர் பள்ளி' என்னும் பெயர் தாங்கிய பள்ளிகள் உள்ளன. 1871 இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் பின்னர்ப் பிறமலைக் கள்ளர் மீது சுமத்தப்பட்டபோது, அச்சமூகத்தினரைச் 'சீர்திருத்தும்' திட்டத்தின் பகுதியாக ஆங்கிலேய அரசு தொடங்கியவற்றிலிருந்து இவை வளர்ந்தன. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் தனியாக உள்ளன. ஆகவே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தை தன் பள்ளியின் பெயர்ப்பலகையிலேயே ஒரு சமூகத்தின் பெயரைக் காண நேர்கிறது. சாதியைக் கூறாத கதைநூல் அக்குழந்தையை விடக் குறைவாகவே அறிந்திருக்கிறது.

2023 ஆகத்தில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவர் உடன் படித்த மாணவர்களால் வெட்டப்பட்டதைத் தொடர்ந்து, நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 சூனில் அளிக்கப்பட்ட அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கவும், மாணவர் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யவும் பரிந்துரைத்தது. கள்ளர் பள்ளிகளைப் பொறுத்தவரை இதற்கு எதிர்ப்பு எழுந்தது. அப்பள்ளிகள் தம் முன்னோர் பட்ட துன்பத்துக்கு ஈடாகக் கிடைத்தவை என்பது எதிர்த்தோர் வாதம். ஒரே பெயர் முத்திரையாகவும் நினைவாகவும் இருக்க முடியும் என்பதைச் சிறுவருக்கு விளக்கும் கதை எழுதப்படின் மிகவும் பயன்படும்.

குறிப்பிடத்தக்க நூல்கள்

சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் 2003 இல் மகாசுவேதா தேவியின் மொய்னா கதையை வெளியிட்டது. ஆடு மேய்க்கும் சபர் பழங்குடிச் சிறுமி, பண்ணையார் வீட்டு மிச்சச் சோற்றுக்குத் தான் ஏன் நன்றி கூற வேண்டும் எனக் கேட்கிறாள். அவளுக்கு யாரும் இரக்கம் காட்டுவதாகக் கதை அமையவில்லை. அவளுடைய கேள்விகளே கதையை நடத்துகின்றன.

நவயானா 2007 இல் வெளியிட்ட காஞ்சா அய்லய்யாவின் உழைப்பின் மாண்பு பற்றிய நூல் வேறு வழியில் செல்கிறது. பழங்குடியினர், ஆயர், தோல் பதனிடுவோர், குயவர், உழவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் ஆகியோரின் தொழில்களில் உள்ள அறிவை அது விளக்குகிறது. கைத்தறிக்குப் பெயர்பெற்ற சக்கம்பட்டி ஆண்டிபட்டியை ஒட்டியே உள்ளமையால், இவ்வட்டாரச் சிறுவர் நெசவு பற்றிய பகுதியை எவர் உதவியுமின்றிப் புரிந்துகொள்வர்.

2011 இல் அதே பதிப்பகம் வெளியிட்ட 'பீமாயணம்' அம்பேத்கரின் வாழ்வைக் கூறும் படக்கதை ஆகும். இது தமிழிலும் வெளிவந்துள்ளது. பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதிக்கப்படாமை, 1901 இல் தந்தையைக் காணச் சென்ற பயணத்தில் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தமை முதலியன இதில் வருகின்றன. மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்க்காபாய் வியாம், சுபாசு வியாம் இணையர் இதனைக் கட்டங்கள் இன்றி வரைந்துள்ளனர். மென்மையான பேச்சு பறவை வடிவிலும், சாதி நஞ்சு உள்ள பேச்சு தேள்கொடுக்கு உள்ள வடிவிலும் அமைகிறது. எழுத்தறியாத குழந்தையும் எந்தச் சொல் கொட்டும் என அறிந்துகொள்ளலாம்.

ஐதராபாத்தின் அன்வேசி ஆய்வு மையம் 2008 இல் கொணர்ந்த வரிசையில் ஒரு கதை, முசுலிம் குடும்பம் ஒன்று தலைக்கறி சமைப்பதைப் பற்றியது. இங்கு எவரும் ஒதுக்கப்படுவதில்லை; வீட்டு உணவு நூலில் இடம்பெறுகிறது, அவ்வளவே. ஒதுக்கலைப் பற்றிய நூல் மட்டும் போதாது, ஒதுக்கப்பட்டோரின் மகிழ்ச்சியும் நூலாக வேண்டும் என்பதற்கு இது சான்று.

தமிழில் நேரடியாக எழுதப்பட்டவற்றுள் விட்ணுபுரம் சரவணனின் 'கயிறு' என்னும் சிறு நூல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. பள்ளி மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிறே இதன் பொருள். இக்கயிறுகளைக் கண்காணிக்குமாறு 2019 இல் பள்ளிக் கல்வித்துறை அனுப்பிய சுற்றறிக்கை எதிர்ப்பினால் நடைமுறைக்கு வராமற்போனது. சுற்றறிக்கையால் பேச இயலாததைக் கதை பேசியது எனலாம். இவ்வாசிரியர் 'ஒற்றைச் சிறகு ஓவியா' என்னும் புதினத்துக்காக 2025 ஆம் ஆண்டின் பால சாகித்திய புரசுக்கார் விருதைப் பெற்றார்.

பிற நாட்டு ஒப்பீடு

1965 இல் நான்சி லாரிக் ஐக்கிய அமெரிக்காவில் மூன்றாண்டுகளில் வெளியான 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்து, அவற்றுள் 349 இல் மட்டுமே கறுப்பினத்தவர் இடம்பெற்றதாகக் காட்டினார். இது ஏறத்தாழ 6.7 விழுக்காடு. சிறுவர் நூல் சிலருக்குக் கண்ணாடியாகவும் சிலருக்குச் சாளரமாகவும் அமைகிறது என்னும் கருத்தை 1990 இல் உரூடின் சிம்சு பிசப் முன்வைத்தார். தமிழ்ச் சூழலில் சாளரமே அதிகம் தேவைப்படுவதாகத் தோன்றுகிறது. ஒதுக்கப்படும் குழந்தைக்கு ஒதுக்கலைப் பற்றி நூல் புதிதாக எதையும் கூறிவிடப் போவதில்லை. கயிறு கட்டிக்கொண்டு பெருமைப்படும் சிறுவனின் கையில் அந்நூல் சேர்வதே கடினம்.

பரவல்

மேற்கூறிய நூல்களுட் பல ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்தவை. கதைக்களங்கள் மராட்டியத்திலும் வங்காளத்திலும் உள்ளன. விலையும் சிற்றூர்ப் பெற்றோருக்கு எட்டுவதன்று. தமிழ்நாடு அரசு 2023 இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிநிலைகளில் 53 சிறு நூல்களை அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்கு வழங்கியது. நூலகம் தொலைவில் உள்ள ஊர்களில் இத்தகைய மெல்லிய நூல்களே குழந்தைகளின் கைக்குச் சென்று சேர்கின்றன.