கொள்ளை ஈயின் உடலமைப்பும் அதனை இனங்காணும் வகையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையிலும், அங்கிருந்து களியக்காவிளை எல்லை வரையிலும் உள்ள சிற்றூர்களில் ரப்பர்த் தோட்டங்களினூடே தேனீப் பெட்டிகள் வைக்கப்படுவது வழக்கம். ரப்பர் மரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுத் தளிர்க்கும் காலத்தில், அதன் மூன்று சிற்றிலைகளும் காம்பொடு கூடுமிடத்திலுள்ள சுரப்பிகள் இனிய நீரைச் சுரக்கின்றன. பூவினின்றும் அன்றி இலைக் காம்பினின்றும் கிடைக்கும் இந்நீரே தேனீக்களுக்கு அப்பருவத்தின் பெருவிருந்து. ஆண்டின் தேன் விளைவு அந்தச் சில வாரங்களையே பெரிதும் பொறுத்திருப்பதால், அப்போது பெட்டியருகே ஒரு தேனீ கொல்லப்படினும் அது வளர்ப்போர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

பெட்டிக்கு எதிரேயுள்ள காய்ந்த குச்சியொன்றின் நுனியில் முரட்டு மயிர் செறிந்த ஈயொன்று அமர்ந்திருக்கும். பறந்து வரும் தேனீயின்மேல் அது பாய்ந்து, கால்களால் அணைத்துப் பற்றி, மீண்டும் அதே குச்சிக்குத் திரும்பும். சில கணங்களில் தேனீயின் துடிப்பு அடங்கிவிடும். இதுவே கொள்ளை ஈ எனப்படுவது. இதனைக் கண்டவர் மயிரடர்ந்த ஈயையெல்லாம் அடித்துக் கொல்லத் தொடங்குதல் இயல்பு. ஆனால் அவ்வாறு மடிவனவற்றுள் மலர்களை நாடும் குற்றமற்ற பூ ஈக்களும், தச்சுத் தேனீக்களும் பல. ஆகவே கொள்ளை ஈயை ஐயமின்றி அறிந்துகொள்ளுதல் பயனுடையது.

பூச்சியியலார் இவ்வீக்களை அசிலிடே என்னும் குடும்பத்தில் அடக்குவர். பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் 1802-ஆம் ஆண்டில் இக்குடும்பத்தை வகுத்தார். உலகெங்கும் 7,000-க்கு மேற்பட்ட இனங்கள் இதில் அறியப்பட்டுள்ளன. மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள சிறியனவும், ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டும் பெரியனவும் இவற்றுள் உண்டு. மைக்ரோஸ்டைலம் என்னும் பேரினத்தைச் சார்ந்தவை இக்குடும்பத்தின் மிகப் பெரிய ஈக்களுள் சேரும்.

முதற்கண் நோக்கவேண்டுவது தலையை. இரு கூட்டுக் கண்களும் மேல்நோக்கிப் புடைத்து நிற்க, அவற்றிடையே உச்சி பள்ளமாகத் தாழ்ந்திருக்கும். அப்பள்ளத்தின் நடுவில் சிறு மேடொன்றும், அதன்மேல் மூன்று தனிக்கண்களும் அமைந்துள்ளன. ஈயை முன்புறமாகத் திருப்பிப் பிடித்தால் இப்பள்ளம் வெறுங்கண்ணுக்கே புலப்படும். மாட்டு ஈயிலும் பூ ஈயிலும் இத்தகைய பள்ளம் இல்லை. முகத்தின் கீழ்ப்பகுதியில் விறைத்த மயிர்க்கற்றை மீசைபோல் முன்னோக்கி நிற்கும். பிடிபட்ட இரை கால்களை உதைத்தும் கொடுக்கை வீசியும் திமிறும்போது கண்ணையும் முகத்தையும் காப்பது இம்மீசையே என்று கருதப்படுகிறது. பள்ளமும் மீசையும் ஒருங்கே காணப்படின் அது கொள்ளை ஈயே எனத் துணியலாம்.

வாயுறுப்பு குட்டையானது, உறுதியானது, முன்னோக்கி நீண்டது. வீட்டு ஈயின் வாய் நக்கி உண்பதற்கு ஏற்றது; இதன் வாயோ குத்துவாள் போன்றது. அதனுள்ளிருக்கும் கூரிய ஊசியை ஈயானது இரையின் கழுத்து மூட்டு முதலிய மென்மையான இடங்களில் செலுத்தி உமிழ்நீரைப் பாய்ச்சுகிறது. அவ்வுமிழ்நீரில் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் பொருள்களும், தசையைக் கரைத்துக் குழம்பாக்கும் நொதிகளும் உள்ளன. 2018-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கொள்ளை ஈயொன்றை ஆராய்ந்தவர்கள், இந்நஞ்சைச் சுரக்கும் சுரப்பிகள் மார்பறையினுள் அமைந்திருப்பதைக் காட்டினர். கரைந்த உள்ளுறுப்புகளை ஈ உறிஞ்சிக் குடித்தபின் வெறும் கூடு மட்டுமே கீழே விழும். குச்சியின் அடியில் கிடக்கும் இக்கூடுகளைக் கொண்டே அது வேட்டையாடும் இடத்தை அறியலாம். மனிதரைத் தேடிவந்து கடிக்கும் வழக்கம் இதற்கில்லை. கையில் பிடித்து நெருக்கினால் மட்டும் வலிக்கக் குத்தும். இதற்குக் கொடுக்கு இல்லை.

மார்பு தடித்துக் கூனியிருக்கும். பறத்தலுக்குரிய வலிய தசைகள் நிறைந்திருப்பதே இதற்குக் காரணம். கால்கள் நீண்டு, முட்கள் போன்ற மயிர்களைத் தாங்கி, பறக்கும் இரையைக் கூடைபோல் அணைத்துக்கொள்ள உதவுகின்றன. பாதத்தின் நுனியில் இரு வளைநகங்களும், அவற்றின்கீழ் இரு மெத்தைகளும், நடுவே முள்போன்ற ஒரு நீட்சியும் காணப்படும். மெல்லிய உடல்கொண்ட லெப்டோகாஸ்டர் வகையில் இம்மெத்தைகள் இரா. வயிறு பெரும்பாலும் நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும்.

குடும்பம் அறியப்பட்டபின் உட்பிரிவை அறிதல் சற்றுக் கடினம். இதற்கு உணர்கொம்பும் சிறகு நரம்புகளும் துணைசெய்யும். உணர்கொம்பின் மூன்றாம் கணுவிலிருந்து எழும் இழை, ஒமேஷியஸ் பேரினத்தில் சீப்புப்போல் மயிர் நிரைகளைக் கொண்டிருக்கும். சிறகின் முன்விளிம்பை அடுத்துள்ள நீண்ட அறை, விளிம்பை எட்டுமுன் மூடியிருந்தால் ஒரு கூட்டத்தையும், திறந்திருந்தால் மற்றொரு கூட்டத்தையும் குறிக்கும். இனத்தை முடிவாக உறுதிசெய்யப் பெரும்பாலும் ஆணின் பின்னுறுப்புகளை உருப்பெருக்கியின்கீழ் ஆராயவேண்டும். நிறத்தை மட்டும் நம்பி இனத்தைக் கூறுவோர் அடிக்கடி பிழைபடுவர்.

நிறத்தை நம்பலாகாது என்பதற்குத் தக்க சான்று ஹைப்பரெக்கியா சைலோகோப்பிஃபார்மிஸ் என்னும் தென்னிந்தியக் கொள்ளை ஈ. 1849-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் வாக்கர் இதனைப் பெயரிட்டு விவரித்தார். கூரைக் கழிகளிலும் மூங்கிலிலும் பட்ட மரங்களிலும் துளையிட்டு வாழும் கரிய தச்சுத் தேனீயைப் போலவே இதன் தோற்றம் அமைந்துள்ளது. கரிய உடல், அடர்ந்த மயிர்க்கால்கள், கருமை படர்ந்து ஒளிரும் சிறகுகள், ஆரவாரமான பறத்தல் ஆகியவற்றால் தேர்ந்த கண்ணும் மயங்கும். பெயரின் பிற்பகுதியே ‘தச்சுத் தேனீயின் வடிவுடையது’ என்று பொருள்படும். இப்பேரினத்து ஈக்களின் புழுக்கள் தச்சுத் தேனீ குடைந்த மரத்துளைகளில் வாழ்ந்து, அத்தேனீயின் புழுக்களையே உண்பதாக அறியப்பட்டுள்ளது. ஒப்புருவம் யாருக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதைப் பற்றி அறிஞர் பலவாறு கூறியுள்ளனர்.

இவ்விரண்டையும் பிரித்தறிய வழி எளிது. தேனீக்கு நான்கு சிறகுகள், ஈக்கு இரண்டே. பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஈக்குக் குமிழ்முனை கொண்ட சிறு சமநிலை உறுப்புகள் உள்ளன. தேனீயின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்து பல கணுக்களைக் கொண்டது, ஈயினுடையது குட்டையானது. எல்லாவற்றுக்கும் மேலாக, உச்சிப் பள்ளமும் முகத்து மீசையும் தச்சுத் தேனீக்கு இல்லை.

தேனீ வளர்ப்போர் கருத்திற்கொள்ள வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. கொள்ளை ஈயின் புழுக்கள் மண்ணிலோ மக்கிய மரத்திலோ வளர்கின்றன. சில இனங்களின் புழுக்கள் மண்ணுள் வாழும் வண்டுப் புழுக்களைத் தேடித் தின்கின்றன. தென்னை, மரச்சீனி ஆகியவற்றின் வேர்ப்பகுதியைக் கறிக்கும் வெண்புழுவால் இழப்புற்ற குடியானவர்க்கு இது சிறிய செய்தியன்று. வளர்ந்த ஈயும் தேனீயை மட்டும் தேடுவதில்லை. வெட்டுக்கிளி, தத்துப்பூச்சி, வண்டு, பிற ஈக்கள் என எது பறப்பினும் பற்றும். எனவே தோட்டம் முழுவதும் பூச்சிமருந்து தெளித்தல் தகாது. அது முதலில் கொல்லுவது தேனீக்களையே. பெட்டியின் எதிரே ஈ வழக்கமாக அமரும் காய்ந்த குச்சிகளை அகற்றுவதும், தொல்லை மிகுந்தால் அவ்வொரு ஈயை வலையில் பிடிப்பதுமே தக்க வழிகள்.

பிடித்த ஈயை எறிந்துவிடாது பாதுகாத்தால் அது ஆராய்ச்சிக்கு உதவும். மார்பின் வலப்பக்கமாக ஊசி செலுத்தி, இடம், நாள், அமர்ந்திருந்த செடி ஆகியவற்றைச் சிறு சீட்டில் எழுதிச் சேர்த்தல் வேண்டும். ஈ பற்றியிருந்த இரையையும் அதே ஊசியில் வைத்தல் மிகவும் நன்று. இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சார்ந்த ஜோசப், பருயி ஆகியோர் இந்தியக் கொள்ளை ஈக்களைப் பற்றி எழுதிய நூலின் முதற்பகுதி 1998-இல் வெளிவந்தது. இனங்காண முயல்வோர்க்கு அது இன்றியமையாதது. ஊர்ப் பெயரைத் தெளிவாக எழுதுதல் இவ்வெல்லைப் பகுதியில் தனியே வற்புறுத்தத் தக்கது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முற்பட்ட சீட்டுகளில் ‘திருவிதாங்கூர்’ என்று மட்டும் இருப்பின், அந்த ஈ இன்றைய எல்லையின் எப்பக்கத்தில் பிடிபட்டது என்று கூற இயலாது.