தோ… தோ…

கரிசல் காட்டில் ஒரு முயல் எழுந்து ஓடிவிட்டால், அதற்குப் பிறகு சிப்பிப்பாறை நாயின் காதில் எதுவும் விழாது. ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு, நீண்ட கால்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்தும் இனம், கன்னி இன நாயும் அப்படித்தான். முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக ஓடுவதற்கென்றே பொறுக்கி வளர்த்த உடம்பு அது. இப்படிப்பட்ட நாயைக் கூப்பிட்டால் வரப் பழக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். நான் வளர்த்த சிப்பிப்பாறைக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதில் முதல் இரண்டு மாதம் நான் செய்திருந்த தவறைச் சரிசெய்யவே போய்விட்டது.

காலையில் அவிழ்த்துவிடுவேன். தெருக்கோடிக்கு ஓடிவிடும். பெயரைச் சொல்லிப் பத்துத் தடவை கத்துவேன். ஒருவழியாக வந்து சேர்ந்ததும் ஓர் அதட்டல், உடனே சங்கிலி. என் கணக்கில் அது ஓடிப்போனதற்குத் தண்டனை. நாயோ கடைசியாகச் செய்தது என்னிடம் வந்ததுதான். அதட்டல் அந்த வருகையோடுதான் ஒட்டிக்கொண்டது. எந்தச் செயலை அடுத்து நன்மை கிடைக்கிறதோ அதையே உயிர்கள் திரும்பச் செய்யும் என்பதை, பெட்டியில் அடைத்த பூனைகள் தாழ் திறந்து வெளியேறக் கற்பதைக் கவனித்து எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் எழுதினார். நாயைப் பழக்குவதன் அடித்தளம் இன்றும் அதுதான்.

பழைய சொல் கெட்டுவிட்டால் புதுச் சொல்லோடு தொடங்குவது நல்லது. நாள் முழுக்க நாம் உச்சரிக்கும் பெயர் இதற்கு உதவாது. நம் ஊரில் நாய்க்கென்றே ஒரு கூப்பாடு இருக்கிறது: தோ… தோ… குறுகிய ஓசை, தொலைவுக்கும் கேட்கும். அதைக் குழைவாகச் சொல்ல வேண்டும். புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, மூளையைப் படமெடுத்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பாராட்டும் சொல்லும் பாராட்டும் குரலும் சேர்ந்து வந்தபோதுதான் மகிழ்ச்சியை உணரும் பகுதி நன்றாகத் தூண்டப்பட்டது. இரண்டில் ஒன்று மட்டும் போதவில்லை.

வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். இரண்டடி தள்ளி நின்று ஒரே ஒருமுறை கூப்பிடுங்கள். வந்த நொடியே வேகவைத்த ஈரலில் ஒரு துணுக்கு. தினமும் தின்கிற பொறைக்கும் பிஸ்கட்டுக்கும் இந்த வேலையில் மதிப்பில்லை. பிறகு முற்றம், அதன் பிறகு வெட்டவெளி. வெட்டவெளியில் மார்புப் பட்டையில் பத்து மீட்டர் கயிறு வேண்டும். கழுத்துப் பட்டையில் கட்டினால், பாய்ந்தோடும் நாயின் கழுத்து வெட்டி இழுக்கப்படும். கயிற்றால் இழுத்து வரவழைக்காதீர்கள்; அது தப்பி ஓடாமலிருக்க மட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமென்று நான் நினைப்பது வேறு. வந்ததும் பட்டையைப் பிடியுங்கள், ஈரலைக் கொடுங்கள், மறுபடி ஓடவிடுங்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை இப்படி. குளிப்பாட்டவும் நகம் வெட்டவும் கட்டிப்போடவும் மட்டுமே கூப்பிடுகிற வீட்டில், அந்தச் சொல் விளையாட்டு முடிந்தது என்று பொருள்படும். அதைக் கேட்டு எந்த நாய் வரும்? குளிக்க வைக்க வேண்டுமா, நீங்களே போய்க் கூட்டி வாருங்கள்.

ஓடுகிற நாயைத் துரத்தவும் கூடாது. துரத்துவது அதற்கு விளையாட்டு. நீங்கள் எதிர்த்திசையில் ஓடுங்கள், அது உங்களைத் துரத்தும்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாயிடம் இன்னும் நிதானம் வேண்டும். அது வளர்ந்த தெருவில் மனிதன் குனிந்தால் கல் எடுக்கிறான் என்று பொருள். எதிரில் நின்று கூப்பிட்டுவிட்டுச் சட்டென்று குனிந்தால் பத்தடி பின்வாங்கும். முன்கூட்டியே தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, கையைத் தாழ்வாக நீட்டிக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு பழகியும் சிப்பிப்பாறையைச் சாலை ஓரத்தில் அவிழ்த்துவிட மாட்டேன். துரத்தலின் உச்சத்தில் எந்தச் சொல்லும் எட்டாமல் போகலாம், ஒரு லாரி போதும்.

ஐந்தாம் மாதம், வேலி போட்ட ஒரு தோட்டத்தில் முதன்முறையாகக் கயிறில்லாமல் விட்டேன். கொக்கு ஒன்று எழும்ப, நாய் அம்புபோல் பாய்ந்தது. தோ என்றேன். முதலில் காது மட்டும் திரும்பியது. பிறகு தலை. புழுதி கிளப்பிக்கொண்டு வட்டமடித்து வந்து என் முழங்காலில் மோதி நின்றது. கையிலிருந்த ஈரல் முழுவதையும் கொடுத்துவிட்டு, மறுபடி ஓடவிட்டேன்.