பழைய டிராக்டர் சூடேறுகிறதா? காற்றோட்டத்தை முதலில் கவனியுங்கள்

சம்பா நடவுக்குச் சேறு கலக்கும் நாட்களிலும், அறுவடை முடிந்து கதிரடிக்கும் நாட்களிலும் டிராக்டருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. பழைய டிராக்டர்கள் சூடேறி நின்றுவிடுவதும் இந்த நாட்களில்தான். வேலை கெடுகிறதே என்ற பதற்றத்தில் உடனே என்ஜினைப் பிரிக்கச் சொல்லி, கடன் வாங்கிச் செலவு செய்பவர்கள் உண்டு. ஆனால் பல டிராக்டர்களில் குறை என்ஜினுக்குள் இருப்பதில்லை. காற்றும் தண்ணீரும் போகும் வழியில்தான் இருக்கிறது. அதை உரிமையாளரே வரிசையாகச் சோதித்து அறியலாம்.

டீசல் எரிந்து உண்டாகும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலைக்குப் பயன்படுகிறது. மற்றொரு பகுதி புகையோடு போய்விடுகிறது. மீதி வெப்பத்தைத் தண்ணீர் ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கிருந்து அதை அகற்றுவது காற்று. சாலையில் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றும் உதவும். சேற்றில் மெதுவாகப் போகும்போதும், நின்றபடி கதிரடிக்கும்போதும் விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். ஆகவே, சாலையில் சூடேறாத டிராக்டர் வயலில் மட்டும் சூடேறினால், காற்றோட்டத்தின் மீதே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

காகிதச் சோதனை: பெரும்பாலான டிராக்டர்களில் விசிறி முன்பக்கத்திலிருந்து காற்றை உள்ளே இழுக்கிறது. என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, செய்தித்தாள் ஒன்றை முன்பக்க வலை மீது வைத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கீழே விழுந்தால் காற்றோட்டம் குறைவு என்று பொருள். வெளியே தள்ளப்பட்டால், காற்றை எதிர்த்திசையில் தள்ளும் தவறான விசிறி மாட்டப்பட்டிருக்கலாம். பழுது பார்த்து வந்த பிறகு சூடேறத் தொடங்கிய டிராக்டரில் இதை அவசியம் பார்க்க வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள தகட்டுக் கூடு கழன்றோ உடைந்தோ இருந்தாலும் காற்று சிதறிவிடும்.

ரேடியேட்டரின் வெளிப்புறம்: கதிரடிக்கும்போது பறக்கும் தூசும் பதரும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே அடைத்துக்கொள்ளும். எண்ணெய்க் கசிவும் சேர்ந்தால் களிமண் பூசியது போல் ஆகிவிடும். என்ஜின் நன்கு ஆறிய பிறகு, விசிறிப் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். முன்பக்கமிருந்து அடித்தால் அழுக்கு மேலும் உள்ளே போகும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

விசிறி பெல்ட்: என்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுமார் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் பெல்ட் வழுக்கும். பெரும்பாலான பழைய டிராக்டர்களில் விசிறியையும் தண்ணீர் பம்பையும் ஒரே பெல்ட் சுழற்றுவதால் காற்று, தண்ணீர் இரண்டும் குறையும். மிகவும் இறுக்கினால் பம்பின் பேரிங் தேயும்.

தண்ணீரும் மூடியும்: உப்புத்தன்மையுள்ள ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உட்குழாய்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். என்ஜினை நிறுத்தியபின் ரேடியேட்டரைப் பல இடங்களில் தொட்டுப் பார்த்தால், அடைத்த இடம் மட்டும் குளிர்ந்திருக்கும். என்ஜின் தயாரிப்பாளர் குறிப்பிட்ட கூலண்ட்டையும், அது கிடைக்காதபோது வடிகட்டிய மழைநீரையும் ஊற்றுவது நல்லது. ரேடியேட்டர் மூடியும் ஒரு முக்கிய உறுப்பே. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 11 டிகிரி சென்டிகிரேடு உயர்த்துகிறது. ரப்பர் வெடித்த மூடியைப் போட்டு ஓட்டினால் தண்ணீர் முன்னதாகவே கொதித்து வெளியேறும்.

தெர்மோஸ்டாட்: சூடுமானி முள் ஏறியும் ரேடியேட்டர் சூடாகவில்லை என்றால், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், பம்பும் பழுதாகி இருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டித் தண்ணீருள்ள பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்கவும். தண்ணீர் கொதிக்கும் முன்பே அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது போட வேண்டும். கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது தவறு. என்ஜின் போதிய சூட்டை அடையாமல் டீசல் சரியாக எரியாது. சிலிண்டரும் விரைவில் தேயும்.

என்ஜினுக்குள் போகும் காற்று: கரும்புகை, இழுவை குறைதல், சூடு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் ஊற்றும் வகை வடிகட்டியில், தூசி மிகுந்த வேலையின்போது எண்ணெயை நாள்தோறும் பார்க்க வேண்டும். அடியில் சேறு படிந்து எண்ணெய் கெட்டியாகியிருந்தால், கிண்ணத்தை டீசலில் கழுவிப் புது எண்ணெயைக் குறியிட்ட அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால் எண்ணெயே என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு, என்ஜின் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடக்கூடும்.

பட்டறைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஓட்டும்போது ரேடியேட்டர் தண்ணீரில் இடைவிடாமல் குமிழ்கள் வருதல், என்ஜின் எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்தல், கசிவு தெரியாமலே தண்ணீர் குறைதல் ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதுக்கோ ஹெட் விரிசலுக்கோ அடையாளம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மேலும் ஓட்டக் கூடாது.

வயலில் கொதித்தால்: சூடுமானி முள் சிவப்புப் பகுதிக்குப் போனால் முதலில் சுமையை நீக்கி, சில நிமிடங்கள் என்ஜினை மெதுவாக ஓடவிட வேண்டும். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் வெளியேறியிருந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. பீறிடும் நீராவி முகத்தையும் கண்களையும் வேகவைத்துவிடும். கொதித்த என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். நன்கு ஆறும்வரை காத்திருப்பதே லாபம்.

வேலைக்குப் புறப்படும் முன் தண்ணீர் அளவு, பெல்ட், முன்பக்க வலை, காற்று வடிகட்டி ஆகிய நான்கையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பழைய டிராக்டர் வாங்க நினைப்பவர்களும் விலை பேசும் முன் இச்சோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது. சூடேறிய ஒரே நாளில் ஹெட் வளைந்தும் பிஸ்டன் பிடித்தும் போகக்கூடும். அப்போது ஆகும் செலவோடு, நடவுப் பருவமும் கைவிட்டுப் போகும்.