வெயிலுக்கு முன்னே ஒரு பெருநாள்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின இரவு, துபாயில் எங்கள் வீட்டின் முதல் வேலை வாளிகளில் தண்ணீர் பிடிப்பது. ஜூன் வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் இரவிலும் கை சுடும். கோடை முழுக்க ஹீட்டரை அணைத்தே வைத்திருப்போம். அதற்குள் நிற்கும் தண்ணீர் ஏசியில் ஆறிவிடும். ஆகவே இங்கே சுடுதண்ணீர்க் குழாயில்தான் குளிர்ந்த நீர். ஆனால் விடியலில் ஐந்து பேர் வரிசையாகக் குளித்தால் அது போதாது. அதனால் இரவே பிடித்து மூடி வைத்துவிடுவேன்.

2025இல் பெருநாள் ஜூன் 6, வெள்ளிக்கிழமை. முந்தின நாள் அரஃபா நோன்பு, ஏறக்குறைய 15 மணி நேரம். நோன்பு திறந்த கையோடு வட்டலப்பத்துக்கு உட்கார்ந்தேன். முட்டை, தேங்காயின் தலைப்பால், சர்க்கரை, ஏலம், முந்திரி. மூடியில் திரளும் ஆவித்தண்ணீர் உள்ளே சொட்டாமல் இறுகக் கட்டி அவிக்க வேண்டும். எங்கள் அடுப்படியில் ஏசி கிடையாது. நெடுநேரம் அடுப்பெரியும் வேலையை முடிந்தவரை பகலுக்கு வைப்பதில்லை. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தேன்.

சுபுஹுக்கு நாலு மணிக்கெல்லாம் எழுந்தாக வேண்டும். குளியல், புதுத்துணி, அத்தர், தக்பீர். நோன்புப் பெருநாளில் பேரீச்சம்பழம் தின்றுவிட்டுப் போவது சுன்னத். இந்தப் பெருநாளில் தொழுத பிறகு பசியாறுவதுதான் சுன்னத். ஐந்தே முக்காலுக்குத் தொழுகை. காரைவிட்டு இறங்கியதுமே ஈரக்காற்றில் மூக்குக் கண்ணாடி பனித்துப் போகும். குத்பா அரபியில் நடக்கும். திரும்பும் வழியில் பிள்ளைகளுக்கு இப்ராஹீம் நபியின் வரலாற்றை மச்சான் தமிழில் சொல்லுவார். என் வாப்பா எங்களுக்குச் சொன்ன மாதிரியே பிள்ளைகளும் கேட்கட்டும் என்பதால் அந்த நேரத்தில் நான் போனைத் தொடுவதில்லை.

அடுத்தது குர்பானி. துபாயில் வீட்டிலோ தெருவிலோ அறுக்க அனுமதி இல்லை. குஸைஸ், அல் கூஸ் போன்ற இடங்களில் உள்ள முனிசிபாலிட்டி அறுப்புக்கூடங்களில்தான் அறுக்க வேண்டும். முனிசிபாலிட்டி அங்கீகரித்த செயலியில் முன்பே பதிந்துவிட்டால் நெரிசல் குறையும். முதல் நாளே முடிக்க வேண்டுமென்று அடித்துப் பிடித்து ஓட வேண்டியதில்லை. ஷாஃபி மத்ஹபின்படி துல்ஹஜ் 13 மாலை வரை நேரம் உண்டு.

இறைச்சியை வீடு சேர்ப்பதில்தான் கவனம் வேண்டும். அறுத்த உடனே இறைச்சியில் உடல்சூடு இருக்கும். அதைப் பையில் திணித்துக் கட்டினால் உள்ளே வெந்து கெட்டுவிடும். ஒரு வருடம் அப்படிக் கட்டி டிக்கியில் வைத்துவிட்டு, சலாம் சொல்லிவிட்டு வருவோமென்று உறவுக்காரர் வீட்டில் ஏறினோம். அரை மணி ஒரு மணியாயிற்று. அல்லாஹ்வுக்காக அறுத்ததைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து அழுதேன். இப்போது இரண்டு நாள் முன்பே ஐஸ் கட்டிகளை உறைய வைத்து, ஐஸ் பெட்டியோடு போகிறோம். இறைச்சியைத் தட்டையான தட்டுகளில் பரப்பி, ஏசியைக் கூட்டி, எங்கும் நிற்காமல் நேரே வீடு.

மூன்று பங்கு வைப்போம். ஏழைகளின் பங்கைச் சமைக்காமல் பச்சை இறைச்சியாகவே கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். அதை முதலில் எடுத்துக் கொடுத்துவிடுவோம். ஆனால் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கி, அடுப்புக்கு முறை வைத்துச் சமைக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பச்சை இறைச்சியால் என்ன பயன்? அவர்களுக்காக எங்கள் பங்கிலிருந்து நெய்ச்சோறும் களறிக்கறியும் ஆக்குகிறேன். மசாலா உம்மா ஊரில் இடித்து அனுப்பியது. சுடச்சுட டப்பாக்களில் அடைத்து, வெயில் உச்சிக்கு ஏறுமுன், ஜும்ஆவுக்கு வெகு முன்னதாகவே மச்சான் அறைகளில் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகுதான் நாங்கள் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம்.

எங்கள் ஊரான காயல்பட்டினத்துக்குப் போன் செய்வதற்கும் நேரம் பார்க்க வேண்டும். அங்கே பெருநாள் மறுநாள்தான். நாங்கள் கறிச்சோறு தின்னும்போது உம்மா அரஃபா நோன்பில் இருந்தார்கள். ஊரில் மஃரிப் பாங்கு சொல்லும்போது இங்கே மணி ஐந்து. உம்மா நோன்பு திறக்கட்டும் என்று ஐந்தரை வரை காத்திருந்து கூப்பிட்டேன். மடியில் பேரப்பிள்ளை, முன்னால் துருவுபலகை. வட்டலப்பத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.