கறிக்கோழிகளின் நடமாட்டத்தைக் கவனித்தல்

பிராய்லர் என வழங்கும் கறிக்கோழியின் குஞ்சு பொரித்த அன்று சுமார் 40 கிராம் எடையுள்ளது. ஆறு வாரத்திற்குள் 2 கிலோவுக்கு மேற்பட்டுவிடுகிறது. மார்புச் சதை பெருகும் வேகத்திற்குத் தக்கபடி கால்கள் வலுப்பெறுவதில்லை. ஆகையால் முதல் வாரத்தில் ஓடித் திரிந்த குஞ்சு, விற்பனைத் தறுவாயில் பெரும்பாலும் படுத்தே பொழுதைக் கழிக்கின்றது. இது இயல்பேயாயினும், கால் நோவினாலும் வியாதியினாலும் படுத்த கோழியும் பார்வைக்கு அவ்வாறே தோன்றும். பல்லடம் வட்டாரத்துப் பண்ணைகளைப் போல் ஆயிரக்கணக்கில் வளர்க்குமிடத்து இதனைப் பகுத்தறிவது எளிதன்று.

ஆள் நுழைந்தவுடன் கோழிகள் எழுந்து விலகுமாதலால், முதலில் கம்பிவலைக்கு வெளியே சத்தமின்றிச் சில நிமிஷம் நின்று பார்த்தல் வேண்டும். பின்னர் மெதுவாக உள்ளே நடந்து, எழாதவை, இரண்டடி வைத்து உட்காருபவை, சிறகை ஊன்றி நகருபவை எத்தனையெனக் குறித்துக்கொள்ளலாம். தினந்தோறும் ஒரே வேளையில் பார்ப்பது அவசியம். சித்திரை வெயிலில் நடுப்பகலில் நல்ல கோழியும் வாய் திறந்து இளைத்துக் கிடக்குமன்றோ! காலையில் செத்தவற்றை மாத்திரம் எண்ணிக் கணக்கெழுதுவோர், காரியம் மிஞ்சிய பின்னரே விழித்துக்கொள்கின்றனர்.

நொண்டலை அளக்க, 1992ம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்துப் பிரிஸ்டலில் ஒரு முறை வகுக்கப்பட்டது. அதில் 0 என்பது குறையற்ற நடை. 3 நடமாட்டத்தைப் பாதிக்கும் வெளிப்படையான நொண்டல். 5 நடக்கவே இயலாமை. ஆக்ஸ்போர்டில் மேரியன் டாக்கின்ஸ் அம்மையாரும் உடனிருந்தோரும் காமிராவைக் கொண்டு, தனிக் கோழியைத் தொடராமல் கூட்டம் முழுவதின் அசைவையும் அளந்தனர். காம்பிலோபாக்டர் என்னும் கிருமி தொற்றிய கூட்டங்களில் முதல் 7 முதல் 10 நாட்களுக்குள்ளாகவே அசைவு குறைந்திருந்ததென 2016ல் அவர்கள் வெளியிட்டனர். வழக்கமான கிருமிப் பரிசோதனை இவ்வளவு சீக்கிரத்தில் அதனைக் காட்டுவதில்லை.

சிறு கொட்டகைக்கு இச்செலவு வேண்டுவதில்லை. பண்ணைக் கணக்கில் நடமாட்டத்திற்கென ஒரு பத்தி கூட்டிக்கொண்டால் போதும். முந்திய நாட்களினும் கூட்டம் திடீரென மந்தமானால், முதலில் தண்ணீர்க் குழாய்களைச் சோதிக்கவேண்டும். அடுத்தது தரையில் பரப்பிய நார்க்கழிவு. அது ஈரமாயிருப்பின், படுத்த கோழிகளின் பாதத்திலும் கணுக்காலிலும் புண் உண்டாகும். அதனைக் கிளறி உலர்த்தி, நனைந்த பாகத்தை அகற்றிவிடவேண்டும். நொண்டுபவற்றைத் தனியே அடைத்துத் தீனியும் தண்ணீரும் எட்டும்படி வைத்து, மறுநாளும் மந்தம் நீங்காவிடில் கால்நடை வைத்தியரை அழைத்துக் காட்டுக.