பூட்டிய வீடும் புரையிடத்துக் கோரையும்

சங்கக் கணக்குகளைப் பார்வையிட அருமனை வட்டாரத்திற்கு நாம் செல்லுங்கால், வழிநெடுகப் பூட்டிய வீடுகள் பலவற்றைக் காண்கிறோம். உரிமையாளர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடா நாடுகளிலோ பணிபுரிகின்றனர். கோடை விடுமுறை, ஓணம், கிறிஸ்துமஸ் ஆகிய நாட்களில் மட்டுமே அவ்வீடுகள் திறக்கப்படுகின்றன. அதற்கு முந்தின வாரம் இரண்டு ஆட்கள் வந்து புரையிடத்தைக் கொத்திச் சுத்தம் செய்வர். அடுத்த விடுமுறையில் பார்த்தால் கோரை முன்னிலும் அடர்ந்து நிற்கும். "ஆண்டுதோறும் கூலி கொடுக்கிறோம், களை குறைந்தபாடில்லையே, காரணம் யாது?" என்று உறுப்பினர் பலர் நம்மை வினவியுள்ளனர். அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடன் கணக்கு அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. கோரையின் இலை வட்டி. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கே முதல். ஆண்டுக்கொரு முறை இலையை நீக்குவோர் வட்டியைச் செலுத்துகின்றனரேயன்றி முதலைத் தொடுவதில்லை. 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த, உலகின் கொடிய களைகளைப் பற்றிய ஆங்கில நூலொன்று, கோரைக்கே முதலிடம் அளித்தது. முத்தக்காசு என்று மருந்துக்கு வழங்கும் அதன் கிழங்குகள், மெல்லிய தண்டினால் சங்கிலிபோல் கோக்கப்பட்டவை. நுனிக் கிழங்கு முளைத்து நிற்கையில் ஏனையவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டி சங்கிலியை அறுத்தால், உறங்கியவை தனித்தனியே முளைக்கும். பாவில் இழை அறுந்தால் நெசவாளர் முடிந்துவிடலாம்; இங்கோ அறுந்த துண்டு ஒவ்வொன்றும் ஒரு செடியாகும்.

இதனை நாம் நூலிலிருந்து மட்டும் அறியவில்லை. எம் குடும்பத்து வீடும் சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. ஓணத்திற்கு முன் ஆழக் கொத்தி, வாரிய கோரையைக் கிழங்கோடு தென்னந்தடங்களில் மூடாக்காக இட்டோம். மழை பெய்தது. அதுகாறும் கோரையே இல்லாத தடங்களிலும் அது பரவியது. வேலியைக் கடந்து அண்டை வீட்டாரின் மரச்சீனி விளைக்கும் சென்றது. அவர் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அவர் மனைவியார் குந்தியமர்ந்து அதனைப் பறித்துக்கொண்டிருந்ததைக் கண்டபோதுதான் நம் பிழை நமக்கு விளங்கிற்று.

இனிச் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பருவம். மழை குறைந்த தை, மாசி மாதங்களில் ஓரடி ஆழம் கிளறி, கிழங்குகளைக் கையால் பொறுக்கி, சாக்கில் பரப்பி, சுருங்கும்வரை வெயிலில் உலர்த்தி எரித்துவிட வேண்டும். ஈரத்தோடு குப்பைக் குழியில் இடலாகாது. இரண்டாவது, இடைவிடாமை. தப்பிய கிழங்கு முளைத்தால், ஐந்தாறு இலை விடுமுன், அதாவது மூன்று வாரத்திற்கு ஒரு முறையேனும், பறித்துவிட வேண்டும். முளைக்குந்தோறும் கிழங்கின் சேமிப்பு செலவாகும். இலை அதனை ஈடுசெய்து புதிய கிழங்கு வைக்குமுன் நீக்கினால், முதலே கரையும். மூன்றாவது, நிழல். கோரை நிழலைத் தாங்காது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தட்டைப்பயறு போன்றவற்றை நெருக்கமாக வளர்த்து மண்ணை மூடுக. பிளாஸ்டிக் விரிப்பை மட்டும் நம்புதல் கூடாது. கோரையின் கூரிய முளை அதனைத் துளைத்து வெளிவரும்.

மரங்களின்மேல் படரும் மிகானியாக் கொடியின் முறை வேறு. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த இதனை மலையாளத்தில் திருதராட்டிரப் பச்சை என்பர். தழுவியே கொல்லும் என்பது கருத்து. இதன் கணுவொவ்வொன்றும் மண்ணைத் தொட்டால் வேர்விடும். விதை காற்றில் பறக்கும். ஆகவே பூக்குமுன் வேரோடு பறித்து, துண்டு ஒன்றும் தரையில் விடாது உலர்த்த வேண்டும்.

"மருந்து தெளித்தால் ஒரே நாளில் முடியுமே" என்பார் உளர். கிளைபோசேட் மருந்து இலை வழியே இறங்குவது. இலை விடாது உறங்கும் கிழங்குகளை அது எட்டுவதில்லை. அன்றியும், பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் வாயிலாகவன்றி அதனைத் தெளித்தலாகாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. கிணறும் வாழையும் அருகருகே உள்ள புரையிடத்தில் அதனை நாடாதிருத்தலே நன்று.

இது நிற்க. மூன்று வாரத்திற்கு ஒரு முறை களை பறிக்க, ஆண்டுக்கு மூன்று முறை வருபவரால் இயலுமா? இயலாது. எனவே கூலிப் பணம் அனுப்புவதினும், அண்டையில் வாழும் உறுப்பினர் ஒருவரிடம் நிலத்தைக் குறுகிய காலப் பயிருக்கு ஒப்படைத்தல் சிறந்தது. எந்தப் பயிர், எத்தனை மாதம், களையெடுப்பு எப்போது, விளைச்சல் யாருக்கு என்பவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுக. பின்னர் மனக்கசப்புக்கு இடமிராது. அடுத்தடுத்த ஐந்தாறு புரையிடத்தார் ஒரே நாளில் களையெடுக்க ஏற்பாடு செய்துகொண்டால், ஒருவர் நீக்கியது மற்றவரிடமிருந்து திரும்பி வாராது.

நாமும் அந்த அண்டை வீட்டாரிடமே எம் புரையிடத்தை ஒப்படைத்தோம். அவர் சர்க்கரைவள்ளி இட்டார். இன்று கோரை அறவே இல்லை என்று கூறோம். வேலியோரத்தில் இன்னும் சில முளைக்கின்றன. ஆயினும் முளைத்த வாரத்திலேயே குனிந்து பறிக்க அங்கு ஆள் இருக்கிறார்.